மஞ்சள் கல் மேல் முன்சக்கரம்

இந்தக் காவல்துறை மலருக்கு எழுதும் என் நண்பர்கள் எல்லோரும் யாரையாவது துரத்திப் பிடித்தவர்கள். ஒருவர் கொள்ளைக் கும்பலை ஆந்திர எல்லை வரை விரட்டியிருக்கிறார். இன்னொருவர் ஏரியில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறார். நான் போக்குவரத்துப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். துரத்தியதெல்லாம் ஹெல்மெட் போடாதவர்களைத்தான். அவர்களிலும் பாதிப் பேர் என்னைவிட நன்றாக ஓட்டினார்கள். ஆகவே, புதிதாக உதவி ஆய்வாளர்களாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வீரக்கதை எதுவும் கிடையாது. ஒரு பொய்யை எப்படி அளவுகோல் வைத்து ஒழுங்காகப் போட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஊரின் பெயர் வேண்டாம். மீஞ்சூரைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் நின்று போகும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த நிலையத்தில் இருப்பவர்களுக்கு என் பாவத்தில் பங்கில்லை. அவர்களுக்குச் சொந்தமாகவே இருக்கும்.

எனக்கு இருந்த ஒரே திறமை கோடு போடுவது. வேலையில் சேர்ந்த புதிதில் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பெரியபாளையத்துக்கு அனுப்புவார்கள். அம்மன் கோயிலுக்கு வரும் வேன்களையும் ஆட்டோக்களையும் பைக்குகளையும் தரிசு நிலத்தில் நிறுத்தவைக்க வேண்டும். ஒரு வாளிச் சுண்ணாம்புத் தூள், ஒரு கயிறு, என் வலது கை. ஒரு மணி நேரத்தில் தரிசு முழுவதும் கோடுகள். வண்டிகள் வந்து கோட்டில் மூக்கை வைத்து நிற்கும்போது எனக்கு வரும் ஆனந்தம், உள்ளே அம்மனைப் பார்த்தவர்களுக்குக்கூட வந்திருக்காது.

என் முதல் ஆய்வாளர் அதைப் பார்த்துத்தான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் முதுகலை வரலாறு படித்துவிட்டு வந்தவன் என்பதில் அவருக்குத் தீராத வேடிக்கை.

“டேய் படிச்சவனே, கேட்டுக்கோ. வண்டி எங்க நிக்குதுன்னு எந்த ஆபீசரும் பாக்க மாட்டான். எப்டி நிக்குதுன்னுதான் பாப்பான். வரிசையா நின்னா கோயில் கொளத்துல நின்னாக்கூட அது பார்க்கிங்கு. கோணலா நின்னா பார்க்கிங்குல நின்னாக்கூட அது நியூசென்ஸு. புரியுதா?”

புரிந்தது. அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. தவறான பாடத்தை நான் மிகச் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

ஓய்வுக்கு இரண்டரை ஆண்டுகள் இருக்கும்போதுதான் இந்த ஊருக்கு உதவி ஆய்வாளராக மாற்றலாகி வந்தேன். ரயில் நிலைய வாசலிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கும் நிறுத்தம் வரைக்கும் ஒரு சாலை. சுமார் அறுநூறு அடி நீளம் இருக்கும். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் அந்தச் சாலையில் வண்டியைப் போட்டுவிட்டு ரயிலேறிப் போவார்கள், அல்லது கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவார்கள். காலையில் அந்த இடம் சந்தை முடிந்த மறுநாள் போல இருக்கும். எனக்குத் தூக்கம் வராது.

நான் வந்த சில மாதங்களில் அங்கே ஒரு புது நடைபாதை போட்டார்கள். சாம்பல் நிறக் கல். நடுவில் நீளவாக்கில் மஞ்சள் கல், ஒரு முழ அகலம், மேலே வரி வரியாக மேடு. நிலைய வாசல் பக்கம் ஏறுவதற்குப் படி இல்லாமல் ஒரு சரிவு.

என்னோடு இருந்த ஏட்டு தேவராஜ் அந்தப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். அவர்தான் முதலில் கேட்டார்.

“சார், இன்னா சார் இது நடுவுல மஞ்சளா ஒரு பட்டை? வழுக்கி வுழாம இருக்கவா?”

வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கேட்டேன். “டிசைன் சார், மேல இருந்து வந்துச்சு” என்றார். மேலே இருப்பவர்களை அதற்கு மேல் யார் கேட்பது?

“ஏட்டையா, டேப்ப எடுங்க” என்றேன்.

அளந்தோம். பாதையோர மதிற்சுவரிலிருந்து மஞ்சள் கல்லின் வெளி விளிம்பு வரைக்கும் சரியாக ஒரு பைக்கின் நீளம். பின்சக்கரத்தைச் சுவரோடு ஒட்டினால் முன்சக்கரம் மஞ்சள் கல் மேல் உட்கார்ந்தது, செய்து வைத்த மாதிரி. என் உடம்பு சிலிர்த்தது. முப்பது ஆண்டுகளாக வாளியும் கையுமாக அலைந்தவனுக்கு, அழியாத கோடு ஒன்றைக் கல்லிலேயே பதித்துக் கொடுத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். ‘நம் துறையைப் பற்றி யோசிக்கவும் மேலே ஒருவர் இருக்கிறார்’ என்று தேவராஜிடம் சொல்லவும் செய்தேன்.

மறு வாரமே பலகை வைத்தேன். வாசகம் நானே எழுதியது: ‘இரு சக்கர வாகனங்களின் முன்சக்கரம் மஞ்சள் கல்லின் மேல் இருக்க வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒருநாள் ஒரு மனிதர் தன் மொபெட்டைச் சுவரோடு ஒட்டி, மஞ்சள் கல்லைத் தொடாமல் ஒதுக்கி நிறுத்தியிருந்தார். அவருக்கு அபராதம் போட்டேன். அந்தச் சாலையிலேயே சரியாக வண்டி நிறுத்தியவர் அவர் ஒருவர்தான்.

ஒரு மாதத்தில் அந்த நடைபாதை மாவட்டத்துக்கே மாதிரியாகிவிட்டது. மேலதிகாரி வந்து பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முன்சக்கரங்கள் ஒரே கோட்டில். போட்டோ எடுத்தார்கள். எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். மக்கள் எங்கே நடப்பார்கள் என்று அவரும் கேட்கவில்லை, போட்டோக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மக்கள் ரோட்டில்தான் நடந்தார்கள். அவர்களுக்கு அதுதான் பழக்கம்.

பலகை வைத்து நாலு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை ரோந்து முடித்து நான் எங்கள் போக்குவரத்து பூத்துக்கு வந்தபோது அங்கே ஒரே கூட்டம். இட்லி விற்கும் நாஷ்டா கடைக்கு முன்னால் இருபது பைக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. நடுவில் ஒரு பெண், கையில் மடக்குக் குச்சி, முழங்கையில் ரத்தம். கருப்புக் கண்ணாடி ஒருபக்கம் வளைந்திருந்தது. கடைக்காரர் முனிரத்தினம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, பாத்து வரக்கூடாதா? காலங்காத்தால வியாபார நேரத்துல, இன்னா பேஜாரு நைனா இது!”

“பாக்க முடிஞ்சா உங்க கடை பக்கமே வந்திருக்க மாட்டேன்ணா” என்றார் அந்தப் பெண்.

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். இன்டிகேட்டர் உடைந்தவர்கள் சிரிக்கவில்லை. கேஸ் போடுங்க சார் என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யார் மேல் போடுவது என்று நான் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கண் தெரியாத பெண் மேல், நிற்கும் வண்டியில் மோதியதற்காக.

பூத்துக்குள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பெயர் எஸ்தர். வீடு மீஞ்சூர். வயது இருபத்து நாலு. தொழிற்பேட்டையில் ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து அன்று நாலாவது நாள். முந்தைய மூன்று நாட்களும் அவருடைய அம்மா கூட வந்து கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். தனியாக வந்த முதல் நாள் அது.

“ஏம்மா, கைலதான் குச்சி இருக்குதே? தட்டிப் பாத்து வரலாமே?” என்றேன்.

“தட்டிப் பாத்துதான் சார் வந்தேன். ஸ்டேஷன் சரிவுல ஏறினேன், கல்லு கெடச்சுது. நீட்டு நீட்டா வரி இருந்தா நேரா போன்னு அர்த்தம். புள்ளி புள்ளியா இருந்தா நில்லு, ரோடு வருதுன்னு அர்த்தம். வரி இருந்துச்சு, நேரா வந்தேன். எங்க மாதிரி ஆளுங்களுக்குப் போட்ட வழில மத்தவங்க எதுக்கு சார் வண்டி வுடறாங்க? நீங்க கேக்க மாட்டீங்களா?”

தேவராஜ் மெதுவாக வாயைத் திறந்தார். “சார், அப்போ நாம நாலு மாசமா...”

“வாய மூடுங்க ஏட்டையா.”

தம்பிகளே, தங்கைகளே, அந்த நிமிஷம்தான் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது. அதுவரை நான் செய்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. ஒரு பொருள் எதற்கென்று தெரியாதபோது அது நமக்காகத்தான் என்று முடிவு கட்டுவது எங்கள் தலைமுறைக் காக்கியின் வியாதி. ஆனால் அந்த நிமிஷத்துக்குப் பிறகு எனக்குத் தெரியும். வெளியே போய்ப் பலகையைப் பிடுங்கப் பத்து நிமிஷம் போதும். கடப்பாரை பூத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

நான் பிடுங்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் பெரிய அதிகாரி ஒருவர் அந்த முன்மாதிரி நடைபாதையைப் பார்க்க வருவதாக இருந்தது. பலகையைப் பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். ‘பார்வையற்றவர்களின் பாதையில் வண்டி நிறுத்தச் சொல்லி, நிறுத்தாதவருக்கு அபராதமும் போட்டேன்’ என்று பதில் எழுத வேண்டும். நற்சான்றிதழ் அப்போதுதான் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்திருந்தது.

“ஒரு வாரம் டைம் குடும்மா, எல்லாத்தையும் கிளியர் பண்ணிடறேன். அதுவரைக்கும் ஏட்டு ஒன்ன பஸ் ஸ்டாப்புல கொண்டாந்து வுடுவாரு” என்றேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்.

ஐந்தாவது நாள் எஸ்தரே பூத்துக்கு வந்து சண்டை போட்டார்.

“சார், ஏட்டையாவ நிறுத்துங்க. கையப் புடிச்சுக் கூட்டினு போறாரு, அக்யூஸ்ட்ட கோர்ட்டுக்குக் கூட்டினு போற மாதிரி. பஸ்ல எல்லாரும் இன்னா கேஸுன்னு கேக்கறாங்க.”

“நான் நல்லதுக்குத்தாம்மா கூட்டினு போறேன்” என்றார் தேவராஜ், மனம் நொந்து.

“நல்லதுக்கில்ல ஏட்டையா. எச்.ஆர். மேடம் பாத்துட்டாங்க. தனியா வந்து போக முடியும்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் இந்த வேலைல சேந்தேன். ஆறு மாசம் பாப்பாங்க. இப்பவே, போலீஸ் தொணைக்கு வந்தாத்தான் வருவியான்னு கேக்கறாங்க. அந்தக் கம்பெனில கண்ணு தெரியாத ஆளு நான்தான் மொதல் ஆளு. வளையத்துல பிசிறு இருக்குதான்னு வெரலால தடவிப் பாக்கற வேலை. கண்ணு இருக்கறவங்க வுட்டத நான் புடிக்கறேன்னு சூப்பர்வைசரே சொல்றாரு. இது போச்சுன்னா எனக்கு வேற வேலை இல்ல சார். எனக்கு ஆளு வேணாம். வழி மட்டும் குடுங்க.”

கொடுக்கிறேன் என்றேன். பெரிய அதிகாரி வந்தார், பார்த்தார், கை குலுக்கினார். வாரம் மாதமாயிற்று. மறுநாள் பிடுங்கலாம், மறுநாள் பிடுங்கலாம் என்று நாள் போயிற்று. எஸ்தர் ரோட்டின் ஓரமாகக் குச்சியைத் தட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் தினமும் பார்த்தேன். அவர் போகும்போது வேறு பக்கம் திரும்பிப் போக்குவரத்தைச் சீர்செய்தேன். யாரிடமிருந்து ஒளிந்தேன் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்க முடிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் கல்லே தேவைப்பட்டிருக்காது.

மழைக்காலம் வந்தது. ரோட்டோரம் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீரை ஒதுக்கி எஸ்தர் இரண்டடி உள்ளே வந்து நடந்த ஒரு காலையில், காய்கறி ஏற்றிவந்த ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியின் பக்கக் கண்ணாடி அவர் தோளில் இடித்தது. விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. விரலால் பிழைக்கிறவருக்கு வலது கை. முனிரத்தினம்தான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். “யாரு பெத்த புள்ளையோ, பாதை வுடாம நாமளே அடிச்சுப்புட்டோம்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

வழக்கு வேறு பிரிவுக்குப் போனது. சம்பவ இடத்தின் வரைபடத்தை மட்டும் என்னைப் போடச் சொன்னார்கள். “சார்தான் கோடு போடுறதுல கெட்டிக்காரரு” என்றார்கள்.

போட்டேன். பூத்தில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து. ஜன்னலுக்கு வெளியே என் கண்ணெதிரில் நடைபாதை நிறைய வண்டிகள் நின்றன. காகிதத்தில் ஒரு வண்டியும் இல்லை. இரண்டு இணைகோடுகளுக்கு நடுவில் ‘நடைபாதை’ என்று எழுதினேன். கீழே குறிப்பு: ‘நடைபாதை தடை ஏதுமின்றி இருந்தும் பாதசாரி சாலையில் இறங்கி நடந்துள்ளார்.’ படித்தவன் பொய் சொல்வதில் ஒரு வசதி, வாக்கியம் சுத்தமாக இருக்கும்.

விபத்து விடுப்புக் கோப்புக்காக அந்தப் படத்தின் நகல் கம்பெனிக்கும் போயிற்று. அவர்கள் அதைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். காலியாக ஒரு நடைபாதை இருந்தும் ரோட்டில் நடந்தவர் தனியாக வந்து போகும் தகுதி உள்ளவர் இல்லை. கை குணமாவதற்குள் வேலை போய்விட்டது.

எஸ்தர் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லாத குரல்.

“சார், படம் போட்டீங்களாமே. அதுல நடைபாதைல வண்டி இருக்குதா?”

“இல்லம்மா. அன்னைக்குக் காலியாத்தான் இருந்துது.”

“சரி சார். நீங்க பாக்கறவரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று வைத்துவிட்டார். என் பணிக்காலத்தில் அமைச்சர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், குடிகாரர்களிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் இரவில் தூங்கினேன்.

ஆனாலும் நான் திருந்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். மனு படிப்படியாக இறங்கி, ஏழு நாளில் அறிக்கை கேட்டு என் மேஜைக்கே வந்தது. யார் மேல் புகாரோ அவரையே விசாரிக்கச் சொல்லும் ஏற்பாட்டை நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். அதற்கு ஒரு பழைய வைத்தியமும் கற்றுக்கொள்வீர்கள்: மனுதாரர் வீட்டுக்கே போவது, நாலு நல்ல வார்த்தை பேசுவது, ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவது. நான் அரை டஜன் ஆப்பிளோடு தேவராஜையும் கூட்டிக்கொண்டு மீஞ்சூருக்குப் போனேன்.

ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை வீடு. எஸ்தரின் கட்டு பிரித்திருந்தது, கை இன்னும் வீங்கியிருந்தது. அம்மா டீ போட்டார். நான் விஷயத்தை எடுத்தேன். கம்பெனியோட நான் பேசறேன், வேற எடத்துல சொல்லி வேல வாங்கித் தரேன், இந்த மனு கினுவெல்லாம் எதுக்கு என்றேன்.

“சரி சார், எழுதித் தரேன்” என்றார் எஸ்தர்.

எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

“ஆனா கை வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மொதல்ல அந்தப் படத்த போடுங்க. அது எப்டி இருந்துச்சுன்னு எழுதிட்டு, அப்பால நீங்க கேக்கறத எழுதிக்கலாம்.”

வாக்குமூலம் எழுதி எழுதிப் பழகிய கை. யாராவது சொல்ல ஆரம்பித்தால் தானாகவே ஓடும். மடியில் அட்டையை வைத்து இரண்டு இணைகோடுகளை இழுத்தேன்.

“பஸ் ஸ்டாப்புல இருந்து வாங்க சார். மொதல்ல ஒரு மொபெட்டு. பூக்கட்டற அம்மா பேசற சத்தம் கேக்கற எடத்துல. அது முட்டிக்குக் கீழ இடிக்கும். அடுத்து மூணு ஸ்கூட்டர், ஒட்டி ஒட்டி. அப்பால முனிரத்தினம் அண்ணன் கடை. அங்க பால் கேன் மாட்டுன வண்டி ஒண்ணு நிக்கும், கேனு இடுப்புல இடிக்கும்.”

“அது ஆரணிக்காரன் வண்டி சார், கரெக்டா சொல்லுது” என்றார் தேவராஜ். எந்தக் கட்சி என்பதையே மறந்துவிட்டார்.

“அதுக்கு அடுத்து ஒரு பெரிய வண்டி. சைலென்சர் சூடா இருக்கும்.” எஸ்தர் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே தூக்கினார். ஆடுசதையில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது.

நான் எழுதிக்கொண்டே போனேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப் முனையில் ஏறித் தடவித் தடவியே திரும்பியதில், அறுநூறு அடிப் பாதையை அந்தப் பெண் தன் உடம்பில் குறித்து வைத்திருந்தார். எந்த வண்டி எங்கே, எது தோளில், எது விலாவில், எதன் ஹேண்டிலில் பை மாட்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் தினமும் இரண்டு கண்ணாலும் பார்த்த சாலை. எனக்கு அதில் பாதிகூடத் தெரிந்திருக்கவில்லை.

“கடைசியா ஸ்டேஷன் வாசல். சரிவு இருக்குது இல்ல, அதுக்கு நேரா ஒரு வண்டி. மீதி வண்டிங்ககூடப் பரவால்ல சார், தடவித் தடவிப் போயிருப்பேன். இது சரிவுலயே நிக்குது. மேல ஏறவே முடியாது. அன்னைக்கு நான் ரோட்டுல போனது இந்த ஒரு வண்டியாலதான்.”

“யாரு வண்டி?” என்று கேட்டேன். பழக்கதோஷம்.

“பேர் தெரியாது. ஆனா அந்த வண்டி பேசும் சார். கரகரன்னு எதையாவது சொல்லிட்டு, ஓவர் ஓவர்னு முடிக்கும்.”

தேவராஜ் கூரையைப் பார்த்தார். அம்மா டீ டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இதுவரை உங்களிடமும் நான் சொல்லவில்லை. முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று, தினமும் காலையில் வரிசையின் முதல் வண்டியாக என் அலுவலக பைக்கைத்தான் நிறுத்துவேன். வயர்லெஸ் பெட்டியோடு, முன்சக்கரம் மஞ்சள் கல் மேல், சரிவுக்கு நேர் எதிரே. எஸ்தர் முதலில் வண்டிகளில் மோதிய அன்று நான் ரோந்தில் இருந்ததால்தான் சரிவு காலியாக இருந்தது. போனில் நான் காலியாக இருந்தது என்று சொன்னபோதே எஸ்தருக்கு எல்லாம் தெரியும்.

“பேனா நின்னு போச்சே சார்” என்றார்.

எழுதினேன். ‘முதல் வாகனம்: உதவி ஆய்வாளரின் அலுவலக இரு சக்கர வாகனம்.’ பதிவு எண்ணையும் எழுதினேன். முந்தைய வரைபடம் உண்மைக்கு மாறானது என்று ஒரு வரி சேர்த்தேன். அது எஸ்தர் சொல்லாதது, நானாக எழுதியது. முழு அறிக்கையிலும் என் பங்கு அந்த ஒரு வரிதான். உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

“அம்மா, போட்டோ எடு” என்றார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனோடு வந்து, இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டார். என் முகத்தையும் ஒரு போட்டோ எடுத்தார்.

“இப்ப நீங்க கேட்டு வந்தத எழுதிக்கோங்க சார். மனு வேணாம்னு. நான் கைநாட்டு வெக்கறேன்.”

நான் எழுதவில்லை. மனசாட்சியாலா, அந்த போட்டோவாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாக்குமூலம் வாங்கப் போனவன் கொடுத்துவிட்டு வந்தேன். சந்து முனையில் தேவராஜ், “சார், ஆப்பிள அங்கயே வுட்டுட்டோம்” என்றார். “பரவால்ல வாய்யா” என்றேன்.

அறிக்கையை அப்படியே அனுப்பினேன். அனுப்பிய அன்றே தேவராஜ் கடப்பாரையால் பலகையைப் பெயர்த்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நாலுதான். எனக்கு மெமோ வந்தது, விசாரணை வந்தது, மூன்று ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று உத்தரவும் வந்தது. எனக்கு மிச்சமிருந்தது ஒன்றரை ஆண்டு. மீதியை எதில் நிறுத்தினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டிகள் எல்லாம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலி மனைக்குப் போயின. அங்கே கோணல்மாணலாகத்தான் நின்றன. நான் கோடு போடவில்லை.

திருத்திய படத்தை எடுத்துக்கொண்டு எஸ்தர் கம்பெனிக்குப் போனார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆறு மாதச் சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். அவர் இழந்த மாதங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மணிக்கட்டு மழைநாளில் வலிக்கிறது என்று அவருடைய அம்மா சொன்னார். அதற்கு எந்த மெமோவும் போதாது.

அவர் மறுபடி வேலைக்கு வரும் முதல் நாள் காலை, நான் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்க் காத்திருந்தேன். பைக்கில் போகவில்லை. சீருடையும் போடவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே மனதுக்குள் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தேன். ரயில் வந்தது. கூட்டத்துக்கு நடுவில் குச்சியின் சத்தம் கேட்டது. எஸ்தர் சரிவில் ஏறி, கல்லைக் கண்டுபிடித்து, நேராக நடந்து வந்தார்.

“எஸ்தர், நான்தாம்மா, எஸ்.ஐ. ஒங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு...” என்று ஆரம்பித்தேன். அழகான வாக்கியம் அது, நடுவில் ஒரு உவமைகூட இருந்தது.

குச்சி என் செருப்பில் தட்டி நின்றது.

“அதெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம் சார். பஸ்ஸு போயிடும். மொதல்ல தள்ளி நில்லுங்க.”

குனிந்து பார்த்தேன். மஞ்சள் கல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நகர்ந்தேன்.